‘உங்கள் கணினியில் 1,248 பிழைகள்!’ - ரெஜிஸ்ட்ரி கிளீனர் சொல்வதை நம்பலாமா?

ஆமை வேகத்தில் ஓடும் லேப்டாப் ஒன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும். ஆன் செய்துவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தால்கூட திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘கம்ப்யூட்டர் வேகமாக என்ன செய்யலாம்?’ என்று இணையத்தில் தேடினால், ரெஜிஸ்ட்ரி கிளீனர் விளம்பரங்கள் வரிசைகட்டி வரும். இலவசம்தானே என்று ஒன்றை டவுன்லோடு செய்து ஸ்கேன் கொடுத்தால், ‘1,248 பிழைகள் கண்டறியப்பட்டன’ என்கிற ரீதியில் சிவப்பு எழுத்தில் பயமுறுத்தும். பக்கத்திலேயே ‘இப்போதே சரிசெய்’ என்று பெரிய பட்டன். அதை அழுத்திய பிறகுதான் விஷயம் புரியும். ஸ்கேன் மட்டும்தான் இலவசம், சரிசெய்யப் பணம் கட்ட வேண்டும்.

அந்தப் பிழைகள் நிஜமா? நீக்கினால் வேகம் கூடுமா? நீக்காமல் விட்டால் ஏதாவது ஆகிவிடுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரெஜிஸ்ட்ரி என்பது என்ன?

விண்டோஸ் தனக்குத் தேவையான செட்டிங்ஸ் விவரங்களை எழுதிவைத்திருக்கும் பெரிய பதிவேடுதான் ரெஜிஸ்ட்ரி. எந்த சாஃப்ட்வேர் எங்கே இருக்கிறது, ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்தால் எதில் திறக்க வேண்டும், உங்கள் டெஸ்க்டாப்பில் என்ன படம், எந்த பிரின்டர் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதில் தொடங்கி ஆயிரக்கணக்கான குறிப்புகள் அதில் உண்டு.

1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் இது சிறிய அளவில் அறிமுகமானது. அப்போது ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தன் செட்டிங்ஸைத் தனித்தனி ஃபைல்களில் போட்டு வைத்திருந்தது. 1995-ல் வந்த விண்டோஸ் 95-ல்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும் வழக்கம் முழுமையாக வந்தது.

ஒரு சாஃப்ட்வேரை நீக்கும்போது, அது எழுதிவைத்த குறிப்புகள் சில அழியாமல் தங்கிவிடுவது உண்டு. வாடகைக்கு இருந்தவர் காலி செய்துகொண்டு போன பிறகும் கதவில் அவர் பெயர்ப் பலகை தொங்குவது போல. ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் ‘பிழை’ என்று எண்ணிக் காட்டுபவற்றில் பெரும்பகுதி இந்தப் பழைய பெயர்ப் பலகைகள்தான்.

அவற்றை நீக்கினால் வேகம் கூடுமா?

கூடாது. காரணம் எளிமையானது. விண்டோஸ் ஒவ்வொரு முறையும் ரெஜிஸ்ட்ரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. தேவையான குறிப்பு எங்கே இருக்கிறதோ, அந்த முகவரிக்கு நேராகப் போய் எடுத்துக்கொள்கிறது. உங்கள் தெருவில் நான்கு வீடுகள் பூட்டிக் கிடந்தால், உங்கள் வீட்டுக்குத் தபால்காரர் தாமதமாகவா வருவார்? அப்படித்தான்.

அளவும் பெரிய விஷயமில்லை. இப்படித் தங்கிவிட்ட சில நூறு குறிப்புகளைச் சேர்த்தாலும், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘குட் மார்னிங்’ படத்தின் அளவைத் தாண்டுவது அபூர்வம்.

பழைய கணினிகளில் இந்தப் பயத்துக்கு ஓரளவு அர்த்தம் இருந்தது. மெமரி வெறும் மெகாபைட் கணக்கில் இருந்த காலம் அது. ரெஜிஸ்ட்ரி இவ்வளவுதான் வளரலாம் என்று விண்டோஸ் 2000-லேயே ஓர் உச்சவரம்பு இருந்தது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி அந்த வரம்பை எடுத்துவிட்டது. காரணம் போய் 20 ஆண்டுகளுக்கு மேலாகியும், கிளீனர் விற்பனை மட்டும் நிற்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் என்ன சொல்கிறது?

1990-களில் மைக்ரோசாஃப்ட்டே ‘ரெக்கிளீன்’ என்ற பெயரில் ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனரைக் கொடுத்து வந்தது. பின்னர் அதை விலக்கிக்கொண்டது. இன்று அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு தெளிவானது: ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை நாங்கள் ஆதரிப்பதில்லை, அவற்றால் ஏற்படும் சிக்கல்களுக்குப் பொறுப்பேற்க முடியாது, சில சமயம் விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டி வரலாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? எந்தக் குறிப்பு தேவை, எது தேவையில்லை என்று கிளீனருக்கு உறுதியாகத் தெரியாது. அது ஊகிக்கிறது. ஒரு குறிப்பு சொல்லும் இடத்தில் ஃபைல் இல்லையென்றால் ‘பிழை’ என்று முடிவுகட்டிவிடுகிறது. ஆனால், அந்த ஃபைல் நீங்கள் கழற்றி பீரோவில் வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்கலாம். தேவையான ஒரு குறிப்பு அழிந்தால், பிரின்டர் வேலை செய்யாமல் போகலாம், கணக்கு சாஃப்ட்வேர் திறக்காமல் அடம்பிடிக்கலாம், மோசமான நிலையில் விண்டோஸே தொடங்காமல் நின்றுவிடலாம். கடையின் ஒரே கணினியில் ஜி.எஸ்.டி கணக்கு வைத்திருப்பவருக்கும், நாளை புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டிய கல்லூரி மாணவிக்கும் அது சின்ன விஷயமல்ல.

ஆக, கிளீனர் சரியாக வேலை செய்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. தவறாக வேலை செய்தால் நஷ்டம் முழுக்க உங்களுக்கு.

பயம்தான் முதலீடு

எல்லா கிளீனர்களும் மோசடி அல்ல. ஆனால், இல்லாத பிரச்னையைக் காட்டிப் பணம் பறித்த கதைகள் நிறைய உண்டு. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரு நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. விண்டோஸ் காட்டும் எச்சரிக்கை போலவே தோன்றும் பாப்-அப்களைக் காட்டி, கணினி ரிப்பேர் சாஃப்ட்வேரை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2024 மார்ச்சில் 2.6 கோடி டாலர் கட்ட அந்த நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன.

2019-ல் இன்னொரு வழக்கு. ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடைச் சங்கிலியில் கணினிகளுக்கு இலவச ‘ஹெல்த் செக்’ செய்தார்கள். ‘கணினி மெதுவாக இருக்கிறதா?’ என்பது போன்ற சில கேள்விகள் கேட்கப்படும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்று டிக் செய்தாலே போதும், ஸ்கேனில் என்ன வந்தாலும் வைரஸ் அறிகுறி இருப்பதாக முடிவு காட்டும். இதில் அந்தக் கடையும், சாஃப்ட்வேரைக் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டின.

நல்ல பெயர் வாங்கிய சாஃப்ட்வேருக்கும் ஆபத்து வரலாம். 2003-லிருந்து பிரபலமாக இருக்கும் சிகிளீனரின் ஒரு பதிப்புக்குள் 2017-ல் ஹேக்கர்கள் தீங்கான நிரலைப் புகுத்திவிட்டார்கள். அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறக்கியவர்களுக்கும் அதுவே வந்தது. சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு இன்ஸ்டால் ஆகியிருந்தது. கணினியின் உள்ளறை வரை போய்வர அனுமதி கேட்கும் சாஃப்ட்வேரை, அவசியம் இல்லாமல் ஏன் உள்ளே விட வேண்டும்?

பிறகு கணினி ஏன் மெதுவாகிறது?

பெரும்பாலும் கீழே உள்ளவைதான் காரணம். எல்லாவற்றையும் நீங்களே பார்க்கலாம்.

1. ஸ்டார்ட்-அப் கூட்டம்: கணினி ஆன் ஆகும்போதே பத்துப் பதினைந்து சாஃப்ட்வேர்கள் தானாகத் திறந்துகொள்ளும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்-அப் பகுதிக்குப் போய், தேவையில்லாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள். இது அவற்றை அழிக்காது, தானாகத் திறப்பதை மட்டும் நிறுத்தும். பெயர் தெரியாதவற்றைத் தொட வேண்டாம்.

2. ரீஸ்டார்ட்: விண்டோஸ் 10, 11-ல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் வசதி ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் கணினி முழுமையாகப் புதிதாகத் தொடங்காது. வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

3. நிரம்பி வழியும் சி டிரைவ்: செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் போங்கள். எது இடத்தை அடைக்கிறது என்று அங்கேயே தெரியும். ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ வசதியை ஆன் செய்தால், தற்காலிக ஃபைல்களை விண்டோஸே நீக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் தொடர்பான ஆப்ஷனை மட்டும் கவனித்துத் தேர்வு செய்யுங்கள்.

4. பழைய ஹார்ட் டிஸ்க், போதாத ரேம்: உங்கள் கணினியில் சுழலும் வகை ஹார்ட் டிஸ்க் இருந்தால், எஸ்.எஸ்.டி-க்கு மாற்றுவது போல வேகம் தரும் வழி வேறில்லை. 4 ஜி.பி. ரேம் இருந்தால் 8 ஆக்க முடியுமா என்று சர்வீஸ் கடையில் கேளுங்கள். கிளீனருக்கு ஆண்டுதோறும் கட்டும் பணத்தை இதற்குச் சேர்த்து வைக்கலாம்.

5. தூசியும் சூடும்: ஃபேனில் தூசி அடைத்தால் கணினி சூடாகும். சூடானால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பை மெத்தை, தலையணை மேல் வைத்துப் பயன்படுத்துவதைத் தவிருங்கள்.

6. பிரவுசர்: 30 டேப்களும் எப்போதோ போட்ட எக்ஸ்டென்ஷன்களும் ரேமை விழுங்கும். வேண்டாதவற்றை நீக்குங்கள். வைரஸ் சந்தேகம் இருந்தால், விண்டோஸோடு வரும் விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் கொடுங்கள்.

எப்போதாவது தேவைப்படுமா?

ஒரு சாஃப்ட்வேரை நீக்கிய பிறகு மறுபடி இன்ஸ்டால் செய்ய முடியாமல் தகராறு செய்தால், மிச்சமிருக்கும் குறிப்புகள் காரணமாக இருக்கலாம். அப்போதும் குறிப்பிட்ட அந்தச் சிக்கலை மட்டும் தீர்க்க வேண்டும். இதற்கென்றே மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவச டிரபுள்ஷூட்டர் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் யார் கைவைப்பதாக இருந்தாலும், முதலில் சிஸ்டம் ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கிளீனர் பயன்படுத்தி ஏதாவது பழுதாகியிருந்தால், முந்தைய ரெஸ்டோர் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்து அதற்குத் திரும்ப முயலலாம்.

போனுக்கும் இதே கதைதான்

ஆண்ட்ராய்டில் விண்டோஸ் போல ரெஜிஸ்ட்ரி கிடையாது. ஆனாலும் ‘பூஸ்டர்’, ‘கிளீனர்’ ஆப்களுக்குக் குறைவில்லை. பின்னணியில் இருக்கும் ஆப்களை அவை மூடினால், அடுத்த முறை அவற்றைத் திறக்கக் கூடுதல் நேரமும் பேட்டரியும்தான் செலவாகும். இடம் போதவில்லையென்றால் செட்டிங்ஸில் உள்ள ஸ்டோரேஜ் பகுதியும், வாட்ஸ்அப்பில் குவிந்த வீடியோக்களை நீக்குவதும் போதும்.

‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று திரையில் வந்தால் அழைக்காதீர்கள். உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. யார் கேட்டாலும் திரையைப் பகிரும் ஆப்பை இன்ஸ்டால் செய்யாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் கணினி பயன்படுத்தினால், இதை அவர்களுக்கு இன்றே சொல்லிவையுங்கள். அந்தச் சிவப்பு எழுத்துகளைப் பார்த்து முதலில் பதறுவது அவர்களாகத்தான் இருக்கும்.