எஞ்சின் தட்டொலி

எஞ்சின் தட்டொலி என்பது மகிழுந்து எஞ்சினில் திடீரெனக் கேட்கும் தட்டல் ஓசை ஆகும். ஓசையின் தன்மையைக் கொண்டு இதன் காரணத்தை ஓரளவு கண்டறியலாம்.

பெட்ரோல் வண்டி திருத்தணி மலைப்பாதை போன்ற ஏற்றத்தில் உயர் கியரில் செல்லும்போது மட்டும் உலோகக் கிணுகிணுப்பு எழுந்தால், தீப்பொறியின் சுடர் பரவி வருமுன் எஞ்சிய எரிகலவை தானே வெடிப்பது காரணமாகலாம். கியரைக் குறைத்தால் இது பெரும்பாலும் அடங்கும். உயர்ந்த ஆக்டேன் எண் கொண்ட பெட்ரோல் இதனைத் தடுக்கும். இதற்காக 1921-இல் கண்டறியப்பட்ட ஈயச் சேர்மம், நச்சுத்தன்மையால் இந்தியாவில் 2000-இல் பெட்ரோலிலிருந்து விலக்கப்பட்டது.

எஞ்சின் வேகத்துடன் விரைவடையும் கனத்த தட்டலுக்கு, வணரித்தண்டின் தாங்கிகள் தேய்ந்திருப்பது காரணமாகலாம். அத்துடன் எண்ணெய் அழுத்த விளக்கும் எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் தாங்கி இறுகி எஞ்சினே பாழாகலாம். பழுதகத்திற்கு வண்டியை இழுத்துச் செல்வதே தகும்.