மணற்குழியில் தொடங்கிய பயணம்

பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னிருந்து, பிழைப்புத் தேடி வருவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் பிரான்சிஸ் இங்கானுவின் பயணம் நம்மைத் திகைக்கச் செய்தது.

ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில், பாத்தியே என்னும் சிற்றூரில் 1986-இல் பிறந்தவர். வறுமையால் சிறு வயதிலேயே மணற்குழியில் மண்வெட்டி பிடித்தார். குத்துச்சண்டை வீரராகும் ஆசையோடு 2012-இல் புறப்பட்டு, சகாராப் பாலைவனம் கடந்து மொராக்கோவை அடைந்தார். அங்கிருந்து ஐரோப்பாவுக்குள் நுழையப் பன்முறை முயன்றார், பிடிபட்டார், மீண்டும் முயன்றார். ஸ்பெயினில் கால் வைத்ததும் கிடைத்த வரவேற்போ சிறைவாசம்! 2013-இல் பாரிஸ் சேர்ந்தபோது தலைசாய்க்கவும் இடமில்லை. அங்கே ஒரு பயிற்சிக்கூடத்தார்தாம் அவரை, குத்தும் உதையும் மல்லும் கலந்த கலப்புத் தற்காப்புப் போட்டிக்குத் திருப்பினர்.

யு.எப்.சி. என்னும் அமெரிக்க அமைப்பின் கனஎடைப் பட்டத்துக்காக, 2018 ஜனவரியில் ஸ்டிபே மியோசிச்சுடன் மோதித் தோற்றார். வலிமை இருந்தது, ஐந்து சுற்றுக்கு மூச்சுப் போதவில்லை. 2021 மார்ச் 27-இல் அதே மியோசிச்சை இரண்டாம் சுற்றிலேயே சாய்த்துப் பட்டம் வென்றார்.

ஒப்பந்த நிபந்தனைகளை ஏற்க மனமின்றி 2023 ஜனவரியில் அவ்வமைப்பை விட்டு விலகினார், பட்டமும் போயிற்று. கைப்பொருளை விடும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு வரும்? அவ்வாண்டு அக்டோபரில் ரியாத் நகரில், தாம் முதலில் விரும்பிய குத்துச்சண்டைக் களத்தில் ஏறி, உலகச் சாம்பியன் டைசன் ப்யூரியை எதிர்த்தார். நடுவர் தீர்ப்பு ப்யூரிக்கே சாதகமாயிற்று. ஆனால் மூன்றாம் சுற்றில் தரையில் விழுந்து எழுந்தவர் ப்யூரிதான்.