தாம்போதிக்கு அடியில் குனிந்து பார்த்தது யார்?

கல்முனையில் வீடு மணலில், நெல் ஆற்றுக்கு அப்பால். விதைப்புக்குப் போனாலும், அம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பிள்ளையை ஓதவிட்டுக் கூட்டிவந்தாலும் ஏதோ ஒரு பாலத்தை, இல்லாவிட்டால் ஒரு தாம்போதியைத் தாண்டித்தான் ஆகவேண்டும். மாரி வந்தால் நாவிதன்வெளிக்காரரிடம் முதலில் கேட்பது, "கிட்டங்கித் தாம்போதியில தண்ணி எவ்வளவு?" என்பதுதான்.

2024 நவம்பர் 26 அன்று, மதரஸாவில் இருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தைக் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வெள்ளம் அடித்துச் சென்றது. மாணவர்கள் 6 பேர் உட்பட 8 பேர் மௌத்தானார்கள். "அந்த நேரத்தில ஏன் போனாங்க?" என்ற கேள்வியை ஊர் பல நாள் கேட்டது. வெள்ளம் மேவும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு வீதியின் பொறுப்பு யாருடையது, அதைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்ற கேள்வி அவ்வளவு சத்தமாகக் கேட்கவில்லை.

ஜப்பானில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள், ஆனால் உயிர்கள் போன பிறகு. 2012 டிசம்பர் 2 அன்று சசாகோ சுரங்கப்பாதையின் கொங்கிரீட் கூரைப் பலகைகள் 100 மீற்றருக்கு மேல் வரிசையாக விழுந்து 9 பேர் இறந்தார்கள். 1977இல் திறந்த பாதை அது. பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் பசையால் ஒட்டப்பட்டவை. பசை மூப்படைந்து பிடி தளர்ந்திருந்தது. சோதிக்க வந்தவர்கள் உச்சிப் போல்ட்டுகளைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள், ஏறிப் போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவில்லை. 2014 முதல் அங்கே சுரங்கப்பாதைகளையும் பாலங்களையும் 5 வருடத்துக்கு ஒருமுறை, கை எட்டும் கிட்டத்துக்குப் போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று விதியாக்கினார்கள்.

நமது கரையில் சுரங்கப்பாதை இல்லை. பசையின் இடத்தில் இங்கே உப்பு இருக்கிறது. கடற்காற்றும் களப்புத் தண்ணீரும் கொண்டுவரும் உப்பு, கொங்கிரீட்டின் நுண்துளை வழியே உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் மேலிருக்கும் கொங்கிரீட் வெடிக்கும், வெடிப்புக்குள் இன்னும் உப்பு போகும். ஒருமுறை ஒரு சிறு பாலத்தின் அடியில் குனிந்து பார்த்தேன். மேலே புதுத் தார், மஞ்சள் கோடு, எல்லாம் கலியாண வீடு போல. அடியில் செம்பழுப்பு நீர்க்கோடுகள், உள்ளங்கை அகலத்துக்குக் கொங்கிரீட் கழன்ற இடம், அதற்குள் பெருவிரலால் சுரண்டினால் தகடு தகடாக உதிரும் கம்பி. மேலே போகும் ஆட்டோக்காரருக்கு இது தெரிய வழியே இல்லை.

இன்னொரு ஆபத்து தண்ணீருக்குள். வேகமான வெள்ளம் தூணின் காலடி மணலைத் தோண்டும். வடிந்த பிறகு சேறு வந்து குழியை மூடிவிடும், பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ஆற்றுவாழையும் பொலித்தீன் பைகளும் மதகு வாயில் அடைத்தால் தண்ணீர் மேலால் பாயும். அடைப்பை மாரிக்கு முன் அள்ளுவது புதுப் பாலம் கட்டுவதைவிட எவ்வளவோ மலிவு. வெடிப்பை நேரத்துக்கு அடைப்பதும், துரு நீக்கிப் பூசுவதும் அப்படியே. இடித்துக் கட்ட வேண்டி வந்தால் சீமெந்து, ஆற்று மணல், கருங்கல் என்று எல்லாம் புதிதாக வேண்டும். அந்த மணலையும் ஏதோ ஒரு ஆற்றில் இருந்துதான் அள்ளுவார்கள்.

வீதிக்கு மேல் தண்ணீர் ஓடும்போது ஒரு அடி ஆழமே சிறிய காரை மிதக்கவைக்கப் போதும், இரண்டடி பெரும்பாலான வாகனங்களைத் தள்ளிவிடும். உழவு இயந்திரம் உயரம்தானே என்று நம்பிப் பிள்ளைகளைப் பெட்டியில் ஏற்றாதீர்கள். அடியில் வீதி இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று கலங்கல் தண்ணீரில் யாருக்கும் தெரியாது. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119.

இனி உரிமை. ஏ, பி தரப் பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்வீதிகள் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ. "அது எங்கட இல்ல" என்ற பதிலைக் கேட்டு மூன்று கந்தோர் ஏறி இறங்கியவர்கள் ஊரில் நிறைய. வாயால் முறையிட்டால் அந்தப் பதில்தான் கிடைக்கும். எழுதிக் கொடுங்கள், படத்தோடு. முன்னெச்சரிக்கை கையில் இருந்தும் அசையாத அதிகாரிகள் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் வழக்கில் தீர்ப்பளித்தது. அது அப்படியே பாலத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் திகதியிட்ட ஒரு கடிதம் கோப்பில் கிடந்தால், "தெரியாது" என்று சொல்வது அவர்களுக்கும் கஷ்டம்.

கடிதத்துக்கு அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். கல்முனையிலேயே அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு, தள்ளிப்போடாதீர்கள். வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

எல்லாவற்றுக்கும் முன், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் ஒரு தாள் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். இந்தப் பாலம் யாருடையது, கட்டிய வருடம் என்ன, கடைசியாக அடியில் போய்ப் பார்த்த திகதி எது, அந்த அறிக்கையின் பிரதி, அதில் சொன்ன திருத்தத்துக்கு ஒதுக்கிய பணம்: இவ்வளவும் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு, பிறகு தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. அறிக்கையே இல்லை என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். கந்தோரை விட்டு இறங்கும் முன், திகதி போட்ட பற்றுச்சீட்டு கையில் இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள்.