மலையூரில் கடல்நீர் மீன்தொட்டி: டாம்செல் மீன் வளர்ப்பு

டாம்செல் மீன்கள் பவளப்பாறைகளை அண்டி வாழும் சிறிய கடல் மீன்கள். இவை அடங்கிய போமாசென்ட்ரிடே குடும்பத்தில் சுமார் 400 இனங்கள் உள்ளன. கோமாளி மீன்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. விலை குறைவு, பளிச்சென்ற நிறம், எந்தத் தீனியையும் ஏற்கும் இயல்பு, நீரின் சிறு குறைகளைத் தாங்கும் திறன் ஆகியவற்றால், கடல்நீர்த் தொட்டி வைப்போர் பலர் முதலில் இவற்றையே வாங்குகின்றனர். தாங்கும் மீன் என்பதால் முதல் நாளே தொட்டியில் விடும் பழக்கமும் உண்டு. இப்பழக்கம் மீனுக்கும் தொட்டிக்கும் கேடு தருவது. கொடைக்கானல் போன்ற குளிர்ந்த, உயரமான ஊர்களில் அக்கேடு இன்னும் கூடும்.

தொட்டியைப் பக்குவப்படுத்துதல்

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு; நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். கடல்நீர் காரத்தன்மை உடையது (பி.எச். 8.1 முதல் 8.4 வரை). அதனால் அம்மோனியாவில் நஞ்சான வடிவத்தின் பங்கு நன்னீரில் இருப்பதைவிட இங்கு அதிகம்.

மீனை விடாமலே தொட்டியைப் பக்குவப்படுத்தலாம். நாள்தோறும் சிறிது மீன்தீனியைப் போட்டு அழுகவிட்டால் அதுவே பாக்டீரியாக்களுக்கு உணவாகும். சோதனைக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று தொடர்ந்து காட்டிய பிறகே மீன் வாங்க வேண்டும்.

உயரமும் குளிரும்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் பழனி மலைகளின் மேல் உள்ளது. குளிர்கால இரவுகளில் அங்கு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும். டாம்செல் மீன்களுக்கு 24 முதல் 28 பாகை வரை வேண்டும். ஆகவே சூடேற்றி ஆண்டு முழுவதும் தேவை. ஒரு பெரிய சூடேற்றிக்குப் பதில் இரண்டு சிறியவற்றை வைத்தால், ஒன்று பழுதானாலும் நீர் உடனே குளிர்ந்துவிடாது. குளிர்ந்த நீரில் பாக்டீரியாக்களும் மெதுவாகவே பெருகும் என்பதால், பக்குவப்படுத்தும் முதல் நாளிலிருந்தே சூடேற்றி இயங்க வேண்டும். மின்வெட்டின்போது தொட்டியைக் கம்பளியால் போர்த்தி, மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழாயைப் பயன்படுத்தலாம்.

அடுத்தது ஆக்சிஜன். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது. வெதுவெதுப்பும் உப்பும் அதை மேலும் குறைக்கின்றன. எனவே கடற்கரை ஊரில் வைப்பதைவிடக் குறைவான மீன்களை வைத்து, நீரின் மேற்பரப்பு எப்போதும் கலங்கும்படி நீரோட்டம் அமைப்பது நல்லது.

கடல்நீரைச் சுமந்து வரத் தேவையில்லை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் செயற்கைக் கடலுப்பு போதும்; 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ. ஆவியாகும் நீரை ஈடுசெய்ய நன்னீரை மட்டுமே ஊற்ற வேண்டும், ஏனெனில் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மாற்றி எடுக்கும் உப்புநீரை ஏரியிலோ ஓடையிலோ கொட்டினால் நன்னீர் உயிர்களுக்குக் கெடுதல்.

மலைப்பாதையில் ஏறும்போது காற்றழுத்தம் குறைவதால், ஆக்சிஜன் அடைத்த பைகள் உப்பும். அவற்றை விறைப்பாகக் கட்டாமல் இடம் விட்டுக் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

சேர்க்கும் வரிசை

டாம்செல் மீன்கள் தமக்கென ஓர் எல்லையை வகுத்துக் காப்பவை. பாறையில் ஒட்டிய முட்டைகளை ஆண் மீன் காவல் காக்கும். தன்னைவிடப் பெரிய மீனையும் விரட்டும். சிறு தொட்டியில் முதலில் நுழையும் டாம்செல் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொள்கிறது. பின்னர் வரும் மீன்கள் துடுப்பு கிழிந்து, ஒளிந்து, பட்டினியால் இறக்கலாம். ஆகவே சாதுவான மீன்களை முதலிலும் டாம்செல்லைக் கடைசியிலும் விட வேண்டும். புதிய மீனை விடும்போது பாறைகளை இடம் மாற்றினால் பழைய எல்லைகள் குலைந்து சண்டை தணியும்.

இனத்துக்கு இனம் குணமும் வேறுபடும். பச்சைநீலக் குரோமிசு கூட்டமாக வாழும், ஓரளவு சாது. கருப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட முப்புள்ளி டாம்செல், குஞ்சாக இருக்கையில் அழகாகத் தோன்றினாலும் சுமார் 14 செ.மீ. வரை வளர்ந்து மூர்க்கமாகும்.

மீன்கள் வரும் வழி

தமிழ்நாட்டில் டாம்செல் மீன்களின் இயற்கை வாழிடம் மன்னார் வளைகுடா. அங்குள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாறை மீன்களைப் பிடிக்கும்போது அவை ஒளிந்துகொள்ளும் பவளக்கிளைகளும் உடைபடக்கூடும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் கோமாளி மீன்களையும் பல டாம்செல் இனங்களையும் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியுள்ளது. டாம்செல் குஞ்சுகளின் வாய் மிகச் சிறியது. அதற்கேற்ற நுண்ணிய துடுப்புக்காலி இளவுயிரிகளை வளர்த்து ஊட்டுவதே இதில் கடினமான பகுதி.

பொரிப்பக மீன்கள் தொட்டி வாழ்க்கைக்கும் தீனிக்கும் பழகியவை. வாங்குபவர் மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டு அறிவது நல்லது. அலங்காரத்துக்குப் பவளக்கல் வாங்குவதைத் தவிர்க்க வேண்டும்: கற்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. சுட்ட மண் துண்டுகளும் பீங்கான் வளையங்களும் மீனுக்கு மறைவிடமாகவும் பாக்டீரியாக்களுக்கு இருப்பிடமாகவும் அமையும்.