சுத்தியலுக்குப் பதில் சூடு

பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றச் சுத்தியலை எடுப்பது பட்டறைகளில் ஊறிப்போன பழக்கம். அடித்து ஏற்றினாலும் ஓடத்தானே செய்கிறது என்பார்கள். ஓடும், ஆனால் வெளி வளையத்தில் விழும் அடி, குண்டுகள் வழியாகத்தான் உள் வளையத்துக்குப் போகிறது. குண்டுகள் உருளும் பளபளப்பான தடத்தில் நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன; பிற்பாடு வரும் இரைச்சலுக்கு விதை அங்கேதான். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும். 50 மில்லிமீட்டர் துளையுள்ள பேரிங்கை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.048 மில்லிமீட்டர் அகலும். உலோகம் விரிந்தால் துளை சுருங்காதா என்று கேட்கலாம். சுருங்காது, வளையம் முழுவதுமே பெரிதாவதால் துளையும் பெரிதாகிறது. பிடிப்புக்கு வேண்டிய இறுக்கம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு என்பதால், கையுறை போட்டுக்கொண்டு கையாலேயே தள்ளிவிடலாம். ஆறியதும் கவ்விக்கொள்ளும்.

சூடு எஃகின் உறுதியைக் கெடுக்கும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. வெல்டிங் தீயை நேராகக் காட்டினால் கெடுக்கவே செய்யும். இண்டக்‌ஷன் ஹீட்டரில் 110 டிகிரியைத் தாண்டாமல் சூடாக்கினால் சாதாரண பேரிங்குக்கு ஒன்றும் ஆகாது. இதே விரிவு பகையாவது அலுமினிய ஹவுசிங்கில்தான். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், இயந்திரம் சூடேறும்போது பிடி தளர்ந்து, வெளி வளையம் சுழன்று ஹவுசிங்கைத் தேய்த்துவிடும். அதற்கு எஃகு வளையம் ஒன்றைப் பதிக்கலாம், அல்லது தொடக்க இறுக்கத்தைக் கூட்டலாம். எதுவானாலும், ஓடும் சூட்டில் எவ்வளவு பிடி மிஞ்சும் என்று கணக்கிட்ட பிறகே துளையைக் கடையுங்கள்.