சூரியனுக்கு எதிரே காமிரா!

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையில் போட்டோ எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. ஆனால் அங்கே ஒரு சங்கடம் உண்டு. கடல் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. காலை வேளையில் கடலும் காந்தி சிலையும் பின்னால் தெரிய வேண்டுமென்றால் காமிராவைச் சூரியனுக்கு நேரே பிடித்தாக வேண்டும்! பிறகு படத்தைப் பார்த்தால், பாட்டியின் முகத்தில் வெள்ளைப் புகை படர்ந்திருக்கும். குழந்தையின் கன்னத்தில் பச்சைப் பொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். 'காமிரா கெட்டுவிட்டது' என்று வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்புவார். பாவம், காமிராவின் மேல் குற்றமில்லை.

ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் மங்கலாகத் தெரிகிறதல்லவா? தன்மேல் விழும் ஒளியில் கொஞ்சத்தைக் கண்ணாடி திருப்பி அனுப்பிவிடுகிறது. பூச்சில்லாத கண்ணாடியானால், ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்குச் சுமார் 4 பங்கு திரும்பிவிடும். லென்ஸ் என்பதோ பல கண்ணாடிகளின் கூட்டுக் குடும்பம். சூரிய ஒளி உள்ளே புகுந்தால், கண்ணாடிக்குக் கண்ணாடி பந்தாடப்பட்டு, கடைசியில் படத்தின் மேல் புகையாகவும் பொட்டாகவும் விழுகிறது. 1935-ல் ஜெர்மனியில் ஜைஸ் கம்பெனியைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா என்பவர், லென்ஸின் மேல் மிக மெல்லிய பூச்சுக் கொடுத்து இந்தத் தொல்லையைக் குறைக்க வழி கண்டார். இன்றைய லென்ஸ்களில் பல அடுக்குப் பூச்சு உண்டு. ஆனாலும் சூரியன் எதிரே நின்றால் அதுவும் ஓரளவுதான் தாங்கும். மீதியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சுத்தம். கடற்காற்றின் உப்பும் விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் புகையை இன்னும் அதிகமாக்கும். மணலை ஊதிவிட்டு, மெல்லிய பருத்தித் துணியால் லென்ஸைத் துடையுங்கள். செல்போனுக்கும் இதே வைத்தியம்தான்.

சூரியன் படத்துக்குள் வராமல் ஓரத்திலிருந்து அடித்தால், வெயிலில் நெற்றிக்கு மேல் கை வைப்பதுபோல லென்ஸுக்கு மேலே உள்ளங்கையால் நிழல் கொடுங்கள். கை மட்டும் படத்தில் விழக்கூடாது!

சூரியன் படத்துக்குள்ளேயே வந்தால், அதை எதன் பின்னாலாவது மறைத்துவிடுங்கள். காந்தி சிலையைச் சுற்றி உயர்ந்த கல்தூண்கள் எட்டு இருக்கின்றன. இரண்டடி நகர்ந்தால் ஏதாவதொரு தூண் கை கொடுக்கும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கே உதிக்கும், ஆனியில் வடகிழக்கே உதிக்கும். ஆகையால் தூணும் மாதத்துக்கு மாதம் மாறும். பாட்டியின் தலைக்குப் பின்னாலேயே சூரியனை மறைத்தால், நரைத்த கூந்தலுக்குத் தங்க ஜரிகை போட்டதுபோல் இருக்கும். முகம் கறுத்துப் போனால், செல்போன் திரையில் அந்த முகத்தை விரலால் தொடுங்கள்; வெளிச்சம் கூடும்.

பச்சைப் பொட்டு பெரும்பாலும் படத்தின் மத்திக்கு அந்தப் பக்கம், சூரியனுக்கு நேர் எதிரே விழும். காமிராவைச் சற்றே திருப்பி, அதைக் குழந்தையின் கன்னத்திலிருந்து மணலுக்குத் தள்ளிவிடலாம். இத்தனை சிரமமும் வேண்டாமென்றால் மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். சூரியன் ஊர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். வெளிச்சம் முகத்திலேயே விழும்.

இந்த ஒளியை விரும்பி அழைத்தவர்களும் உண்டு. 1950-ல் வெளிவந்த 'ராஷோமான்' படத்தில், ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவா இலைகளின் நடுவே சூரியனையே படம்பிடிக்கச் செய்தார். அழைத்து வந்தால் அழகு, அழையாமல் வந்தால் தொல்லை, விருந்தாளியைப் போல!

ஒரே ஒரு எச்சரிக்கை. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரமுள்ள காமிராவானால், அதன் வழியே சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. தூரத்தைக் கிட்டக் காட்டும் லென்ஸானால் ஆபத்து இன்னும் அதிகம்; விழித்திரை வெந்துபோகும். படம் கெட்டால் நாளைக்கும் சூரியன் உதிக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?