பழைய கணினியும் புதிய இயங்குதளமும்

மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் பணி நிமித்தம் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவ்வீட்டில் 2014ஆம் ஆண்டு வாங்கிய மேசைக்கணினி ஒன்று உள்ளது. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள் அதில் பள்ளிச் செயல்திட்டங்களை உருவாக்குகிறாள். தந்தை மின்கட்டணம் செலுத்துகிறார். பிற்பகல் வேளைகளில் தாத்தா அதன்முன் அமர்ந்து, தாம் பிறந்த ஊரைப் பற்றிய நினைவுகளைத் தமிழில் தட்டச்சு செய்கிறார். பல ஆண்டுகளாக அவர் எழுதியவை முந்நூறு பக்கங்களைத் தாண்டிவிட்டன.

ஒரு நாள் கணினித் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றியது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவு முடிவுக்கு வந்தது என்பதே அதன் சாரம். புதிய இயங்குதளத்திற்கு மாறிவிடலாம் என்றாள் மகள். "ஓடுகிற வண்டியை எதற்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார் தாத்தா. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. இத்தகைய சூழலில் முடிவெடுப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இயங்குதளம் என்பது யாது?

கணினியின் கண்ணுக்குப் புலனாகும் உறுப்புகள் வன்பொருள் எனப்படும். நாம் எழுதவும் வரையவும் கணக்கிடவும் பயன்படுத்தும் நிரல்கள் மென்பொருள் எனப்படும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, யாருக்கு எவ்வளவு நினைவகம், எக்கோப்பு எவ்விடத்தில், அச்சுப்பொறிக்கு எப்போது ஆணை என்பனவற்றை ஒழுங்குபடுத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும். விண்டோஸ், மேக் ஓ.எஸ்., லினக்ஸ் ஆகியவை பரவலாக அறியப்பட்ட இயங்குதளங்கள்.

இயங்குதளம் பல இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்ட நிரல். அவ்வளவு பெரிய நிரலில் பிழைகள் இருப்பது இயல்பு. அவற்றுள் சில, அயலார் கணினிக்குள் நுழைவதற்கான வாயில்களாக அமைந்துவிடுகின்றன. அவை கண்டறியப்படும்போதெல்லாம் உருவாக்கிய நிறுவனம் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. இப்பணி நடைபெறும் காலமே ஆதரவுக் காலம்.

ஆதரவு முடிந்தால் என்ன நேரும்?

ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் ஆதரவுக் காலம் வரையறுக்கப்பட்டுள்ளது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு முடிந்தது. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

ஆதரவு முடிந்த மறுநாள் கணினி நின்றுவிடுவதில்லை. அது வழக்கம்போலவே இயங்கும். தாத்தாவின் கேள்விக்கு அடிப்படை இதுவே. ஆயினும், அதன்பின் கண்டறியப்படும் பிழைகளுக்குத் திருத்தம் வாராது. பூட்டுப் பழுதான வீட்டிலும் விளக்கு எரியும், மின்விசிறி சுழலும். அதனால் பூட்டு நன்றாக உள்ளது என்று பொருளாகாது.

2017 மே மாதம் வன்னாக்ரை என்னும் தீய நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. கோப்புகளைத் திறக்க இயலாதவாறு பூட்டிவிட்டு, விடுவிப்பதற்குப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைப் பணிகள் தடைப்பட்டன. அந்நிரல் பயன்படுத்திக்கொண்ட பிழைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தம் வந்தும் அதனை நிறுவாத கணினிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, திருத்தம் பெறும் தகுதியுள்ள இயங்குதளம் வேண்டும். இரண்டாவது, கிடைக்கும் திருத்தத்தைக் காலம் தாழ்த்தாமல் நிறுவ வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பாதுகாப்புக் குறைவே.

கணினிக்குத் தாங்கும் ஆற்றல் உண்டா?

புதிய இயங்குதளம் தேவை என்பது ஒன்று. பழைய கணினி அதனைத் தாங்குமா என்பது மற்றொன்று. விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக் குறைந்தளவு 64 மெகாபைட் நினைவகம் போதுமானதாக இருந்தது. விண்டோஸ் 7க்கு 1 கிகாபைட் தேவைப்பட்டது. விண்டோஸ் 11 குறைந்தளவு 4 கிகாபைட் கேட்கிறது. இருபது ஆண்டுகளில் தேவை 64 மடங்காகப் பெருகியுள்ளது. குறைந்தளவு என்பது இயங்குவதற்கான அளவு மட்டுமே. விரைந்து இயங்க அதனினும் மிகுதியாக வேண்டும்.

விண்டோஸ் 11க்கு நினைவகம் மட்டும் போதாது. 64 கிகாபைட் சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, மைக்ரோசாப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள செயலி ஆகியவையும் வேண்டும். இன்டெல் நிறுவனச் செயலிகளுள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. ஜபல்பூர் வீட்டுக் கணினியில் இருப்பது நான்காம் தலைமுறைச் செயலி. ஆகவே அக்கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. தகுதியில்லாக் கணினியிலும் அதனை நிறுவுவதற்குக் குறுக்குவழிகள் கூறப்படுவதுண்டு. அவ்வாறு நிறுவினால் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பாதுகாப்பைத் தேடி மாறுபவர் உறுதியில்லாத வழியை நாடுவது பொருந்தாது.

இழக்கக்கூடாதது எது?

வன்பொருளை மீண்டும் வாங்கலாம்; மென்பொருளை மீண்டும் நிறுவலாம். தாத்தாவின் முந்நூறு பக்கங்களை மீண்டும் பெற இயலாது. ஆகவே இயங்குதளத்தைத் தொடுவதற்கு முன் கோப்புகளுக்குக் காப்புப் பிரதி எடுத்தல் இன்றியமையாதது. ஒரு பிரதி போதாது. வெளிப்புற வன்தட்டு ஒன்றில் ஒரு பிரதியும், பென்டிரைவிலோ இணையச் சேமிப்பகத்திலோ மற்றொரு பிரதியும் இருத்தல் நன்று. எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பின்னரே அதனை நம்ப வேண்டும்.

தமிழில் எழுதுவோர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. யூனிகோட் எனப்படும் ஒருங்குறி பரவலாவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு முறையைப் பின்பற்றியது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணையே கணினி சேமித்து வைக்கும். அந்த எண்ணுக்குரிய இடத்தில் எழுத்துரு ஒரு தமிழ் எழுத்தின் வடிவத்தைக் காட்டும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஒருங்குறியிலோ ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறிக்கும் உலகெங்கும் பொதுவான தனி எண் உண்டு. 2010இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

தாத்தா எழுதியவற்றுள் பெரும்பகுதி பழைய எழுத்துரு ஒன்றில் அமைந்தது. கோப்புகளை மட்டும் படியெடுத்து, எழுத்துருவைப் படியெடுக்காமல் விட்டிருந்தால், முந்நூறு பக்கங்களும் கையில் இருந்தும் படிக்க இயலாதவையாக இருந்திருக்கும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பாதுகாப்பது முதற்படி. எழுத்துரு மாற்றி மென்பொருளின் துணையுடன் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவது அடுத்த படி. பழைய முறையில் தட்டச்சு செய்தவர்கள் துணைக்காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடு காணாமல் ஒன்றற்கு மற்றொன்றை இட்டிருப்பர். கண்ணுக்கு அது தெரியாது. ஒருங்குறிக்கு மாற்றும்போது சொல் சிதையும். ஆதலால் மாற்றிய பக்கங்களை ஒருவர் படித்துச் சரிபார்த்தல் வேண்டும்.

நான்கு வழிகள்

பழைய கணினி உடையவர்முன் நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி, உள்ள இயங்குதளத்தையே வைத்துக்கொண்டு இணைய இணைப்பை நீக்கிவிடுதல். எழுதுவதற்கும் படம் பார்ப்பதற்கும் மட்டும் பயன்படும் கணினிக்கு இது பொருந்தும். ஆயினும் பென்டிரைவ் வழியாகத் தீய நிரல்கள் புகக்கூடும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாம் வழி, ஆதரவுக் காலத்தை நீட்டித்தல். வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. இவ்வழி சிந்திப்பதற்குக் கால இடைவெளி தருமே அன்றி, சிக்கலைத் தீர்ப்பதில்லை.

மூன்றாம் வழி, லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறுதல். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று பல வடிவங்களில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அவற்றுள் சில பழைய கணினிகளிலும் எளிதாக இயங்குகின்றன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கான வசதிகளுடன் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியுள்ளது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் பல ஆண்டுகளாக லினக்ஸில் பயின்று வருகின்றனர். ஆனால் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கியல் மென்பொருள்களும் விளையாட்டுகளும் இதில் இயங்காமல் போகலாம். பழைய அச்சுப்பொறியும் ஒத்துழைக்க மறுக்கலாம்.

நான்காம் வழி, புதிய கணினி வாங்குதல். பழைய கணினி அடிக்கடி பழுதடைந்தாலோ, தொழிலுக்குத் தேவையான மென்பொருள் அதில் இயங்காவிட்டாலோ இதுவே ஏற்றது. ஆயினும் தூக்கியெறியப்படும் ஒவ்வொரு கணினியும் மின்னணுக் கழிவாகிறது. அதில் ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் இருக்கக்கூடும். வாங்குவதற்கு முன், உள்ளதை இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்த இயலுமா என எண்ணிப் பார்ப்பது பொறுப்புள்ள செயல். விலக்கும் கணினியையும் குப்பையில் சேர்க்காமல், மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அவ்வீட்டார் எடுத்த முடிவு

ஜபல்பூர்க் குடும்பத்தினர் ஒரு தாளில் இரு பட்டியல்கள் எழுதினர். கணினியில் அன்றாடம் செய்யும் பணிகள் ஒரு பக்கம், இழக்கக்கூடாதவை மறுபக்கம். இணையம் பார்த்தல், கட்டுரை எழுதுதல், அச்சிடுதல் ஆகியவையே பணிகள். விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள் எதுவும் பட்டியலில் இல்லை. பணமோ கடவுச்சொல்லோ புழங்கும் கணினியாதலால் திருத்தமில்லாத இயங்குதளத்துடன் இணையத்தில் இருப்பதும் சரியன்று. எனவே லினக்ஸே பொருத்தம் என்று தெரிந்தது.

உடனே நிறுவிவிடவில்லை. முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்த்தனர். இம்முறையில் வன்தட்டில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. அச்சுப்பொறி, ஒலிபெருக்கி, தமிழ் விசைப்பலகை ஆகியவை இயங்குவதை உறுதி செய்துகொண்டனர். மகளின் பருவத் தேர்வு முடியும்வரை பொறுத்திருந்தனர். பின்னர்ப் பழைய வன்தட்டைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய சேமிப்பகத்தைப் பொருத்தி, அதில் லினக்ஸை நிறுவினர். இதனால் இரண்டு பயன்கள் விளைந்தன. கணினி முன்னைவிட விரைந்து இயங்கியது. கழற்றிய வன்தட்டில் பழைய இயங்குதளமும் கோப்புகளும் எழுத்துருவும் இருந்தபடியே இருந்தன. புதியது ஒத்துவராவிடில் மீண்டும் பொருத்திக்கொள்ளலாம்.

தாத்தா தொடக்கத்தில் தயங்கினார். பழகிய இடத்தில் பொத்தான்கள் இல்லை என்று குறைப்பட்டார். பேத்தி பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொடுத்தாள். பிறகு இருவரும் ஒருங்குறிக்கு மாற்றிய பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துத் திருத்தத் தொடங்கினர். அவர் எழுதியவற்றை அவள் முழுமையாகப் படித்தது அப்போதுதான். ஊர்க்குளத்தின் பெயரும் கொள்ளுப்பாட்டி வந்த ஊரின் பெயரும் அவளுக்கு அதன் வழியாகவே தெரியவந்தன.

வேறொரு வீட்டில் முடிவு வேறாக இருக்கலாம். தந்தையின் தொழிலுக்கு விண்டோஸ் மென்பொருள் தேவைப்படும் வீட்டில் புதிய கணினியே சரியான விடையாகலாம். முடிவு எதுவாயினும் வரிசை மாறக்கூடாது. இழக்கக்கூடாததைக் காத்தல் முதலாவது, தேவையை அறிதல் இரண்டாவது, தகுதியைச் சோதித்தல் மூன்றாவது, மாற்றுவது இறுதியில். தாத்தாவின் எச்சரிக்கையும் பேத்தியின் ஆர்வமும் இணைந்தபோதே அவ்வீட்டில் நல்ல முடிவு பிறந்தது.

சிந்தித்து விடை எழுதுக

1. ஆதரவு முடிந்த இயங்குதளம் இயங்கிக்கொண்டிருந்தாலும் அதனை நம்ப இயலாதது ஏன்?

2. வன்னாக்ரை நிகழ்ச்சி உணர்த்தும் இரண்டு உண்மைகள் யாவை?

3. பழைய எழுத்துருவில் எழுதிய கோப்பு, வேறு கணினியில் பொருளற்ற எழுத்துகளாகத் தோன்றுவதற்குக் காரணம் என்ன?

4. பழைய வன்தட்டைக் கழற்றி வைத்ததனால் அக்குடும்பத்தினர் பெற்ற நன்மையை விளக்குக.

5. உங்கள் வீட்டில் உள்ள கணினி அல்லது கைப்பேசியில் இழக்கக்கூடாதவை எவை? அவற்றைக் காக்கும் வழியை ஒரு பத்தியில் எழுதுக.